எதிர்ப்பு மாஸ்டர்

"அந்த ஆளு மறுபடியும் வந்து நின்னுட்டாருங்க!"

கல்லாவில் இருந்த கணவர் நிமிரவே இல்லை. "நிக்கட்டும், விடு."

"எப்படி விடறது? என்ன எழுதியிருக்கார்னு பாருங்க!"

கேம் சென்டர் வாசலில், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். கொட்டை எழுத்தில், 'உள்ளே போகாதீர்கள்! புது மெஷின்! மாட்டினால் கழற்ற மனசு வராது!'

இது இன்று நேற்றுத் தொல்லை இல்லை.

கல்யாணமான புதிதில், இரும்புக் குண்டு உருண்டோடும் மெஷின்களை வைத்துக் கடையைத் திறந்தார்கள். 'சூதாட்டம்' என்று வந்து நின்றார். டிவிப் பெட்டி மாதிரி வீடியோ கேம் வந்தது. 'கண் அவிஞ்சு போகும்' என்றார். மிதித்து ஆடும் டான்ஸ் மெஷின் வந்தது. 'குடும்பத்துப் பிள்ளைகள் குதிக்கலாமா?' என்றார்.

அப்புறம் ஊரே போனில் விளையாடத் தொடங்கியது. கடை காத்தாடியது.

கடைசி முயற்சியாக, பழையதையெல்லாம் விற்றுவிட்டு, கண்ணை மறைக்கும் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் புது ரகத்தை இறக்கியிருந்தார்கள். ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. இதுவும் படுத்தால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

நேரம் பார்த்து இவர்!

விறுவிறுவென்று வெளியே போனாள். "ஏன் சார், எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறதுல உங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்?"

"மாட்டினா மலை உச்சியில நிக்கற மாதிரி இருக்குமாம்! கால் கிடுகிடுன்னு ஆடுமாம்! இதெல்லாம் தேவையா?" அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

பஸ்ஸுக்கு நின்றிருந்த கல்லூரிப் பெண்கள் திரும்பினார்கள். "மலை உச்சியா? ஏய், வாடி பாக்கலாம்!"

தொண்டை கட்டும்வரை சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்தாள். கணவர் வரிசையைச் சமாளிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். அப்போதும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சாயங்காலம் நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

மாஸ்டர் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷம் பொறுத்தாச்சு சார்! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு..."

"கூட்டம் வந்துச்சாம்மா?" மெதுவாகக் கேட்டார்.

"வந்துச்சு. அதுக்கென்ன இப்போ?"

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

மனைவி பெருமூச்சு விட்டாள். "முதல் தடவை நிஜமாத்தாம்மா எதிர்த்தார். இவர் நிக்க நிக்கக் கூட்டம் கூடிச்சு. அதுக்கப்புறம் புது மெஷின் இறக்கியும் உங்க கடை காத்தாடினா போதும், இவருக்குத் தூக்கம் வராது. அட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவார்."

அவளுக்குக் கண் நிறைந்தது. "சார்..."

"அழுது காரியத்தைக் கெடுத்துடாதேம்மா. வாசல்ல நின்னு, தெருவே கேக்கற மாதிரி என்னைத் திட்டிட்டுப் போ. நாளைக்கும் கூட்டம் வரணுமில்ல?"