நடுக்கூடத்தில் இரண்டு நிறம்

காளியம்மன் கோயில் சூலத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் புளியமரம் மூன்றும் வருகிற வருசம் பூக்காமல் போகட்டும்.

என் இரண்டு மகன்களும் ஆளுக்கொரு முனையாக நூலைப் பிடித்திருந்தார்கள்.

நீலப்பொடி தடவிய நூல். மேல்முனை ஏணியில் நின்ற மூத்தவன் ராஜ்குமார் கையில். கீழ்முனை தரையில் குந்தியிருந்த இளையவன் தமிழ்மணி கையில். சந்தவாசலிலிருந்து மலையேறி வந்த பெயிண்டர் குணசீலன் அதை நடுவில் இழுத்துவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். கோட்டுக்கு இந்தப் பக்கம் பெரியவனின் பச்சை. அந்தப் பக்கம் சின்னவனின் சாம்பல்.

எனக்கு எரிச்சல் அப்போது தொடங்கியதல்ல. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய நாளிலிருந்தே இருந்தது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாழக் கட்டிய வீடு அது. இன்ஜினியர் படம் போட்டுக் காட்டினார். கூடம், சமையல், சாப்பாடு எல்லாம் ஒரே வெளியாம். நடுவில் சுவரே கிடையாதாம். அதற்கு ஓப்பன் பிளான் என்று பெயராம்.

என் பாட்டன் கூரை வீட்டிலும் நடுவில் சுவர் கிடையாது. பதினோரு பிள்ளைகள், நான்கு ஆடு, சாமைக் குதிர் எல்லாம் ஒரே வெளியில்தான் கிடந்தன. அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுவர் இல்லாத வீட்டில் ஒரு வில்லங்கம். வாசலில் நின்றால் எல்லா நிறமும் ஒரே பார்வையில் விழும். "ஒண்ணோட ஒண்ணு சண்ட போடாத கலரா எடுக்கணும் பெரியவரே" என்று குணசீலன் அட்டையை விரித்தான். நூற்றெண்பது நிறம். என் மகன்கள் ஒன்பது நாள் பார்த்து, ஒன்றையொன்று அடித்துக் கொல்லும் இரண்டைப் பொறுக்கினார்கள். சந்தனம் இரண்டுக்கும் நடுவாக இருக்கும் என்றான் குணசீலன். அண்ணன் சரி என்று தலையாட்டினான். அதனாலேயே தம்பி வேண்டாம் என்றான்.

பச்சையை முதலில் ஒரு முழம் அடித்துப் பார்த்தோம். ஊர் ஆடுகள் உள்ளே வந்து சுவரை மேய்ந்தன. விரட்டினாலும் போகவில்லை. ஒரு கிடா செங்கல் தெரியும்வரை தின்றுவிட்டு ஏப்பம் விட்டது.

சாம்பல் அதைவிட மோசம். மேகம் கட்டிவிட்டதென்று நினைத்து இரண்டு மயில்கள் கூடத்துக்குள் வந்து தோகை விரித்தன. எதிர்வீட்டுக் குப்பம்மா எங்கள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, காயப்போட்ட சாமையை வாரிக்கொண்டு ஓடினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

இதையெல்லாம் பொறுத்தேன். நூலைப் பொறுக்க முடியவில்லை.

என் அப்பனும் சித்தப்பனும் கொல்லையைப் பிரித்தபோது இப்படித்தான் ஆளுக்கொரு முனையாகக் கயிறு பிடித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவர் சாவுக்கு மற்றவர் போகவில்லை.

"டேய், சொவுத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களா, வூட்டுக்குப் பாகம் போடறீங்களா?"

"கலர்தானேப்பா. இதுக்கு இன்னாத்துக்குக் கத்துற?" என்றான் பெரியவன், ஏணியிலிருந்து இறங்காமலே.

"அண்ணன் பக்கம் அண்ணனுக்கு, எம் பக்கம் எனக்கு. அவ்ளோதான்" என்றான் சின்னவன், தலையைத் தூக்காமலே.

பக்கம்!

ஒரே அடுப்பு. ஒரே கதவு. ஒரே மின்விசிறி. இதில் பக்கம் எங்கிருந்து முளைத்தது? மருமகள்கள் இருவரும் மூலையில் ஒரே முறத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக்கூடத் தெரியாத பக்கம் இவன்களுக்கு மட்டும் தெரிகிறது.

"நூல வுடுங்கடா!" என்று கத்தினேன்.

ஒருவனும் விடவில்லை.

"இந்தா, தொண்ட கிழியப் போவுது. தண்ணி குடிச்சிட்டுக் கத்து" என்று சொம்பை நீட்டினாள் என் வீட்டுக்காரி பாஞ்சாலை.

குடித்தேன். கத்தினேன்.

அந்தக் கத்தல் எதிர்மலையில் மோதி, அமிர்தி காட்டைச் சுற்றி, கணியம்பாடி வரை போய்த் திரும்பி வந்தது. வரும்போது இரண்டு மடங்காகப் பெருத்திருந்தது. ஒடுகத்தூரில் நின்றிருந்த பஸ் ஒன்று டிரைவர் இல்லாமலே பத்தடி பின்னால் போனது. டிரைவர் டீக்கடையிலிருந்து பார்த்திருக்கிறார், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூல் அறுந்தது. வாளிகளின் மூடி தெறித்தது. பச்சை எழும்பியது, சாம்பல் எழும்பியது, இரண்டும் கூரைக்கு அடியில் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு நான்கு சுவரிலும் போய் ஒட்டின. வாசலிலிருந்து சமையல் மேடை வரை ஒரே நிறம். எது எங்கே முடிகிறதென்று குணசீலனாலேயே விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அட்டையை முன்னும் பின்னும் புரட்டினான். அந்த நிறத்துக்கு அதில் பெயரில்லை.

பெரியவன் ஏணியிலிருந்து இறங்கினான். சின்னவன் எழுந்து நின்றான். அண்ணன் மூக்கிலிருந்து சொட்டிய பெயிண்டைத் தம்பி தன் துண்டால் துடைத்துவிட்டான்.

எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. கை கழுவிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து தின்னுங்கள் என்று அதட்டினேன். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஒரே சட்டிக் களியைப் பிட்டுத் தின்றார்கள்.

அடுத்த தை மாதம் அந்தக் கூடத்தின் நடுவே செங்கல் சுவர் ஒன்று எழுப்பினார்கள். அதற்கு இன்னும் யாரும் வண்ணம் அடிக்கவில்லை.