மூன்றாம் ஓலை

“இன்னும் ஒரே ஒரு கல்யாணந்தான் பாக்கி, ஐயா. அது மட்டும் கிடைச்சிட்டா என் வேலை முடிஞ்சுது!” என்றாள் வெரிட்டி.

விட்டர்லி ஆலயத்துப் போதகர் சிரித்தார். “செத்தவங்களைத் தேடித்தான் இங்க ஆள் வருது. உயிரோட இருக்கிறவங்க எல்லாம் வீட்டுல தூங்குறாங்க. மாப்பிள்ளை யாரும்மா?”

“சைலஸ் த்ரப். எங்க தாத்தாவுக்குத் தாத்தா.”

1851-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சைலசும் கெசையாவும் கணவன் மனைவியாகவே பதிவாகியிருந்தனர். ஆயின், அவர்கள் மணந்துகொண்டதற்குச் சான்று எங்கும் அகப்படவில்லை. அந்த ஒரு கிளை ஒட்டாமையால் வெரிட்டியின் வம்சமரம் முற்றுப்பெறாமல் நின்றது.

மரத்தோடு அவளது திருமணமும் நின்றது. “முதல்ல உன் மரத்தை முடி, செல்லம். அதை மண்டபத்துல மாட்டி வச்சுட்டுத்தான் மோதிரம் போடுவேன்” என்று, ஒன்பது ஆண்டுகளாக அவளுடன் வாழும் கிரிஸ்பின் ஹேல் வாக்களித்திருந்தான்.

வேனிற்காலம் முழுவதும் அவனே அவளை டார்பியிலிருந்து இவ்வூருக்குக் காரில் அழைத்து வந்தான். அவள் கல்லறை எழுத்துகளைப் படித்து முடிக்கும்வரை, எதிரிலிருந்த மதுக்கடையில் முகம் சுளிக்காமல் காத்திருந்தான். இலையுதிர்காலம் பிறந்ததும், “அங்க இனிமே என்ன இருக்கு? பழைய புத்தகமெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சாம். விட்டுத் தள்ளு” என்றான். இன்று அவன் மீன்பிடிக்கப் போயிருந்தான். அவள் சொல்லாமல் புறப்பட்டு வந்துவிட்டாள்.

“வெள்ளமா? இந்த மேட்டுக்கா? நோவா காலத்துக்கு அப்புறம் வந்ததில்லையேம்மா!” என்று வியந்த போதகர், அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய ஓலைப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். மணத்துக்குமுன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்பதுதானே ஓலை!

“இந்தப் பக்க அறையிலேயே உட்கார்ந்து பாருங்க. கதவு திறந்தே இருக்கட்டும், வெளிச்சம் வரும்” என்று சொல்லிவிட்டு அவர் ஆராதனைக்குப் போனார்.

பாட்டொலியினூடே அவள் ஏடுகளைப் புரட்டினாள். ‘சைலஸ் த்ரப், இவ்வூர்க் கொல்லன். கெசையா மார்லோ, பணிப்பெண். தடை சொல்வார் இல்லை.’

வெரிட்டியின் கண்கள் நனைந்தன. வம்சமரத் தாளை விரித்து, அவ்விருவரையும் மையால் இணைத்தாள். கீழே தன் பெயருக்கும் கிரிஸ்பினின் பெயருக்கும் நடுவே பென்சிலால் இட்டிருந்த கோட்டின் மீதும் நாணத்தோடு மை பூசினாள்.

பின்னர்க் கைபேசியில், “மரம் முடிஞ்சுது! தேதி குறி!” என்று அவனுக்கு எழுதி அனுப்பினாள்.

பாட்டு ஓய்ந்தது. திறந்த கதவின் வழியே போதகரின் குரல் தெளிவாக வந்தது.

“மூன்றாம் முறையாகவும் இறுதி முறையாகவும் ஓலை வாசிக்கிறேன். மணமகள், இவ்வூர் ரோவெனா பிளைத். மணமகன், டார்பி நகரத்துக் கிரிஸ்பின் ஹேல்.”