கோப்பின் பெயர்

தணிகைவேல் எதை டவுன்லோடு செய்தாலும் அது எழிலரசியின் கம்ப்யூட்டரிலும் போய் விழுந்தது. சேர்ந்திருந்த காலத்தில் இருவருக்கும் பொதுவாக அவள் வைத்த ஃபோல்டர் அது. அவள் பிரிந்து தாம்பரத்துக்குப் போன பிறகும் பிரௌசர் அதை விடவில்லை. வக்கீல் அனுப்பிய விவாகரத்து மனுகூட அங்கேதான் இறங்கியது. ஒரு நாள் லேபிலிருந்து வந்த ரத்தப் பரிசோதனை முடிவை இறக்கினார். கோப்பின் பெயர் கண்ணெதிரே மாறியது: ‘சுகர் 290 மறுபடி ஜிலேபியா’. தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள்தான் மாற்றுகிறாள்.

“இவளை யாரு கேட்டா?” மவுஸை ஓங்கித் தட்டிக் கோப்பை அழித்தார். அவள் அதை மீட்டுத் திரும்பப் போட்டாள்: ‘அழிச்சா குறைஞ்சிடுமா’.

ஆபீஸ் நண்பர் பெஞ்சமினுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

“எங்கிட்ட ஏன் சார் கத்துறீங்க? செட்டிங்ஸ்ல டவுன்லோட்ஸ்னு இருக்கும். லொகேஷனை டெஸ்க்டாப்புக்கு மாத்துங்க, அவ்வளவுதான்.”

மாற்றினார். அடுத்த மாதம் முழுக்க ஜிலேபியைத் தொடாமல், வெந்தயத் தண்ணீரைக் குடித்து, மறுபடி பரிசோதித்தார். நூற்று முப்பது. கோப்பு டெஸ்க்டாப்பில் இறங்கி, லேப் வைத்த பெயரோடு அப்படியே கிடந்தது. காப்பி ஆறும்வரை பார்த்தார். ஓர் எழுத்தும் மாறவில்லை.

“சனியன் பிடிச்ச மெஷின்” என்று திட்டிக்கொண்டே செட்டிங்ஸைத் திறந்து, பழைய ஃபோல்டரையே வைத்து, அதே முடிவை மீண்டும் இறக்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோப்பின் பெயரையே முறைத்துக்கொண்டிருந்தார்.