கட்டைவிரல் ஆராய்ச்சி

"ஒரு செருப்பை இங்கேயும் இன்னொண்ணை அங்கேயும் விடுறீங்களே, ஏன் சார்?"

ராஜ்மோகன் திடுக்கிட்டுத் திரும்பினார். ஸ்ரீரங்கம் ரெங்கா ரெங்கா கோபுர வாசல். மண்டையைப் பிளக்கும் வெயில். வலது செருப்பைப் பூக்கடைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, இடதை வளையல் கடைப் பக்கம் விடக் கிளம்பியவரை ஒரு கண்ணாடிக்காரர் வழிமறித்து நின்றார். தோளில் துணிப்பை. காலில் ஒன்றுமில்லை. சுடுகல்லில் பாதங்களை மாற்றி மாற்றி வைத்துத் தோசை திருப்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரு?"

"முரளிதரன். காலேஜ்ல சைக்காலஜி வாத்தியார். மனுஷனுக்கும் செருப்புக்கும் உள்ள பழக்கவழக்கம்தான் இப்ப என் ஆராய்ச்சி."

"இதுக்கெல்லாமா ஆராய்ச்சி?"

"ஏன் சார், கொட்டாவியை ஆராய்ச்சி பண்ணிப் பேர் வாங்கினவங்க இருக்காங்க. கடையில தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவங்களைப் பத்தி நானே எழுதியிருக்கேன். பாதிப் பேருக்கு என்ன சத்தம் வரணும்னே தெரியாது. பக்கத்துல நிக்கிறவர் தட்டறாரேன்னு தட்டறாங்க."

ராஜ்மோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் தட்டுகிற கட்சிதான். "ஜோடியா இருந்தாத்தானே சார் திருடன் எடுப்பான்? ஒத்தைச் செருப்பை எடுத்துட்டுப் போய் நொண்டியா அடிப்பான்?"

"பிரமாதம்! இது மூளையா, அனுபவமா?"

"ரெண்டும்தான். ஆமா, உங்க செருப்பு எங்க?"

"ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டேன் சார். உங்களுது நல்ல தோலா இருக்கே, எங்க கிடைச்சுது?"

"திருவானைக்காவல்ல. சல்லிசா அமைஞ்சுது." சொல்லும்போதே ராஜ்மோகனுக்கு ஒரு பெருமை. தரிசனம் முடித்து நேரே மகளுக்குப் பேசியிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அந்தச் சம்பந்தியம்மா ஆளை எடைபோட ஆரம்பிப்பதே காலிலிருந்துதானாம். இந்தச் செருப்பை நம்பித்தான் கிளம்பியிருந்தார்.

"கடைசியா ஒண்ணு. நீங்க வர்றப்பவே பார்த்தேன். நடக்கிறப்ப வலது கட்டைவிரலைத் தூக்கிக்கிறீங்களே?"

"அப்படியா?" ராஜ்மோகன் குனிந்து பார்த்தார். "என்னமோ பழக்கம் சார்."

"பழக்கம்!" முரளிதரனின் முகத்தில் லாட்டரி விழுந்த களை.

உள்ளே போன ராஜ்மோகனுக்குப் பெருமாளிடம் மனசு நிற்கவில்லை. போயும் போயும் முன்பின் தெரியாத ஆளிடம் இரண்டு ஒளிவிடத்தையும் காட்டிக் கொடுத்துவிட்டோமே! பாதி வேண்டுதலை முழுங்கிவிட்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

பூக்கடைக்கு அடியில் காலி. வளையல் கடைப் பக்கமும் காலி. எதிரே, அந்தத் தோல் செருப்பை மாட்டிக்கொண்டு, நிழலில் நிம்மதியாக நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார் முரளிதரன்.

"திருட்டு ராஸ்கல்! இதான் உன் ஆராய்ச்சியாடா?" ராஜ்மோகன் சட்டையைப் பிடித்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஆமாங்க, இந்தத் தம்பிதான் எடுத்துச்சு. நான் பார்த்தேன்" என்று பூக்கடை வீரம்மாளும் சாட்சிக்கு வந்தாள்.

முரளிதரன் மிச்ச மோரை அவசரப்படாமல் குடித்து முடித்தார்.

"எடுத்தது நான்தாம்மா. சார், திருவானைக்காவல்ல எந்தக் கடை?"

"அது... கடை வந்து..."

"கோயில் வாசல்தானே?"

துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து ராஜ்மோகனின் முன்னால் போட்டார். தேய்ந்து அப்பளமாகியிருந்தது. அறுந்த வலது வாரை ஓர் ஊக்கு பிடித்துக்கொண்டிருந்தது.

"போன மாசம் என் செருப்பை அங்க ஒரே இடத்துலதான் விட்டேன். திரும்பி வந்தா இதுதான் இருந்துச்சு. போட்டு நடந்தேன், ஊக்கு கட்டைவிரல்ல நறுக்குன்னு குத்துது. இதை வருஷக்கணக்கா போட்ட மனுஷன் விரலைத் தூக்கித்தானே நடந்திருக்கணும்? அன்னையிலேருந்து கோயில் கோயிலா நின்னு ஊர்ப்பட்ட காலைப் பார்த்துட்டேன் சார்."

"சத்தியமா இது என்னுது இல்ல!" என்று ராஜ்மோகன் கத்திக்கொண்டிருக்கும்போதே, அவருடைய வலது கால் அவரைக் கேட்காமல் அந்த ரப்பர் செருப்புக்குள் நுழைந்து, ஊக்கு குத்தாதபடி கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டது.