நேர் இழை வளைந்தது

இரண்டாவது கருவும் கலைந்த பிறகுதான், தன் குரோமோசோம் ஒன்றில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பது ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது. அவள் மக்காச்சோள ஆராய்ச்சி செய்பவள். கணவன் சேவியரை ஆய்வகத்துக்கு அழைத்து வந்து, மகரந்தம் உருவாகும் செல்லைப் படமெடுத்ததைத் திரையில் ஓடவிட்டாள். உள்ளே குரோமோசோம் இழைகள் துள்ளி, உரசி, விலகி, தங்கள் இணையைத் தேடின.

"கண்ணே இல்லாம எப்படிக் கண்டுபிடிக்குது?"

"முழுசா யாருக்கும் தெரியாதுங்க. இந்தச் செடிக்கும் என்னை மாதிரிதான், ஒரு துண்டு திரும்பியிருக்கு."

"அப்போ ஜோடி சேராதா?"

"பாருங்க."

திரும்பிய துண்டு வந்த இடத்தில், அதன் இணையான நேர் இழை மெல்ல வளைந்தது. வட்டமாகச் சுழன்று, நுனிவரை அதனோடு ஒட்டிக்கொண்டது.

ஜெனிட்டா விசும்பினாள். சேவியர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தான்.

"சத்தம் போடாத. பிரிஞ்சிடப் போவுது."