மேலிருந்து வந்த தண்ணீர்

தையல்காரரின் கடைக்குள் தண்ணீர் புகுந்து, மெஷின்களும் தைத்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகளும் பாழாகிவிட்டன. இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்ததால், விவகாரம் நடுவர் அம்மாவிடம் வந்தது.

"பாலிசியில 'வெள்ளம்'னுதான் மேடம் இருக்கு. இவர் கடைக்குள்ள வந்தது ஒழுகின தண்ணி" என்றார் கம்பெனி மேனேஜர்.

"முழங்கால் அளவு நின்னுச்சுங்க" என்றார் தையல்காரர்.

நடுவர் கேட்டார். "வெள்ளம்னா எதுன்னு பாலிசியில விளக்கியிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"தெளிவில்லாம எழுதினா, எழுதினவருக்கு எதிராத்தான் அர்த்தம் எடுத்துக்கணும். அதுதான் நியாயம்."

மேனேஜர் அசரவில்லை. "நியாயம் எங்களுக்கும் உண்டுல்ல மேடம்? சேதமான அன்னிக்கே எங்க ஆபீஸ்ல சொல்லணும்னு நிபந்தனை. இவர் ஆற அமர வந்தார்."

"அன்னிக்கே போனேங்க. ஆபீஸ் பூட்டியிருந்துச்சு."

"ஸ்டாஃப் எல்லாரும் டூர் போயிருந்தோம்" என்று மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

நடுவர் தையல்காரர் பக்கம் திரும்பினார். "சரி, தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"மாடியிலேருந்துங்க. பாத்ரூம் குழாயைத் திறந்து போட்டுட்டு, கதவைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க."

"மாடியில யாரு இருக்காங்க?"

"சாரோட ஆபீஸ்தாங்க."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஏங்க முதல்லயே சொல்லல?"

"பாலிசி போடறப்போ, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்னு சார்தான் சொல்லிக்கொடுத்தாருங்க."

"தன் தப்பைக் காட்டியே தப்பிக்க யாருக்கும் உரிமை கிடையாது. முழுப் பணத்தையும் கொடுங்க" என்றார் நடுவர்.

மேனேஜர் மேஜையருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கொடுத்துடறோம் மேடம். தீர்ப்புல மட்டும் காரணம் மழைன்னு போட முடியுமா? தலைமை ஆபீஸ்ல படிப்பாங்க."