மெயின் சுவிட்ச்

"ஒன்பது தடவை அடிச்சிருச்சே சார், இன்னும் என்ன பார்க்கணும்?" என்றாள் டிரைவரம்மா.

"பத்து பார்க்கணும்மா," என்றார் நொட்டை சார், தலையைத் தூக்காமல்.

நொட்டை சார் என்பது அவர் பெயரல்ல. லிப்ட் மெக்கானிக். சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் கூடும் எலெக்ட்ரானிக்ஸ் குழுவில் யார் எதைச் செய்துகொண்டு வந்தாலும் ஒரு நொட்டை சொல்லாமல் விடமாட்டார். அதனால் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே வெறும் சார்.

குழு செய்வது நல்ல காரியம்தான். ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் வீடுகளுக்கு, கரண்ட் போனால் அலறுகிற ஒரு சின்னப் பெட்டி. அதன் வரைபடம் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், யாரும் செய்துகொள்ளலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு. செய்தவர் ஒரு கையெழுத்து, சோதித்தவர் ஒரு கையெழுத்து. இரண்டும் இல்லாமல் பெட்டி மாடிப்படி இறங்காது.

சோதிப்பவர் நொட்டை சார். வம்பே அங்கேதான்.

டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். மூன்று மாத லீவு முடிந்து இன்று இரண்டு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும். வீட்டில் புருஷன் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். மதிய மாத்திரை போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். மெஷினோ பழசு, நின்றால் சத்தமே வராது. போன வாரம் நின்றபோது அவள் பக்கத்தில் இருந்ததால் சிலிண்டருக்கு மாற்றினாள். அதற்குள்ளேயே அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது.

இன்றைக்கு அவள் இருக்கமாட்டாள். துணைக்கு இருக்கும் நாத்தனாரும் ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிடுவாள். பெட்டி அடித்தால்தான் அவர் எழுந்து சிலிண்டரைத் திறப்பார்.

நொட்டை சார் எழுந்து போய் அறையின் மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன் நின்றது. பெட்டி அலறியது.

"மறுபடியுமா?" என்று பக்கத்து மேசையில் ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்த போட்டோ ஸ்டூடியோக்காரர் முனகினார். "கடவுளே வந்து நின்னாலும் இவர் பாஸ் பண்ண மாட்டார்."

"பத்து ஆச்சு சார். கையெழுத்துப் போட்டுடுங்க," என்றாள் டிரைவரம்மா.

"பேட்டரியைக் கழட்டி மாட்டி இன்னொரு தடவை பார்த்துடுறேன்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கெமிஸ்ட்ரி டீச்சர் எழுந்து வந்தார். குழுவுக்குப் பொறுப்பேற்று நாலு மாதம்தான் ஆகிறது அவருக்கு.

"சார், பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தா ஆகாதா? எதுக்கு ஒவ்வொரு தடவையும் எல்லார் வேலையையும் நிறுத்துறீங்க?"

"பிளக்கைப் பிடுங்கினா போதாது டீச்சர்."

"ஏன் போதாது?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

டீச்சர் டிரைவரம்மாவின் காதருகே குனிந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க. அடுத்த மாசத்திலேர்ந்து இந்த வேலைக்கு வேற ஆளைப் போடப் போறோம்."

டிரைவரம்மாவின் போன் அடித்தது. நாத்தனார்.

"எங்க அண்ணி இருக்கீங்க? அண்ணன் மாத்திரை போட்டாச்சு. எனக்கு நேரமாகுது."

"இதோ வந்துட்டேம்மா. அஞ்சே நிமிஷம்."

போனை வைத்தவள் வெடித்துவிட்டாள்.

"சார், உங்க வீட்டுல ஒருத்தர் இப்படிப் படுத்துக் கிடந்தாத்தான் என் பதைப்பு உங்களுக்குப் புரியும். உட்கார்ந்த இடத்துலேர்ந்து நொட்டை சொல்றது யாருக்கும் வரும்."

அவள் சொன்னது ஒன்றும் தப்பில்லை என்றுதான் எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

நொட்டை சார் பேட்டரியை மாட்டினார். நடந்து போய் மெயினை இறக்கினார். பெட்டி அலறி முடிக்கும்வரை நின்று கேட்டார். பிறகுதான் பேனாவை எடுத்தார்.

"வீட்டுல மாட்டினதும் அவரை சிலிண்டருக்கு மாத்திட்டு, நீங்களும் ஒரு தடவை மெயினை இறக்கிப் பார்த்துடுங்கம்மா."

"பார்க்கிறேன், பார்க்கிறேன்." பிடுங்காத குறையாகப் பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தபோது மணி ஒன்று. போய்ச் சேர்ந்ததும் மாட்டிவிட வேண்டும். எப்படி மாட்டுவது என்று பார்க்க, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த இணைய முகவரியைப் போனில் திறந்தாள்.

செய்முறைக்குக் கீழே பழைய பதிப்புகளின் பட்டியல் இருந்தது. வரைபடத்தைத் திறந்து வைப்பவர்கள் செய்த தவறுகளையும் சேர்த்துத்தான் திறந்து வைக்கிறார்கள். அவ்வளவு கீழே இறங்கி யாரும் படிப்பதில்லை. அவளும் படித்திருக்கமாட்டாள், முதல் பதிப்பின் மேல் 'இதை யாரும் செய்ய வேண்டாம்' என்று சிவப்பில் போட்டிருக்காவிட்டால்.

தன் மடியில் இருப்பது எந்தப் பதிப்போ என்று அவசரமாக அந்தச் சிவப்பு வரியைத் தொட்டாள்; ஒரு குறிப்பு திறந்தது. பெட்டியைத் திருப்பினாள்; பதிப்பு ஐந்து என்று போட்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டு மூடப் போனாள். குறிப்பின் ஓரத்தில் எழுதியவரின் சின்னப் படம். நொட்டை சார்.

'வடிவமைத்தவர்: நான். சோதித்தவர்: நான்.

குறை: பெட்டிக்குத் தனி பேட்டரி வைக்கவில்லை. மெஷினுக்கு வரும் லைனிலிருந்தே கரண்ட் எடுத்தேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி ஒரு தடவை சோதித்தேன், அடித்தது. வீடு முழுக்கக் கரண்ட் போனபோது மெஷினோடு சேர்ந்து பெட்டியும் நின்றுவிட்டது.

குறை தெரியவந்த விதம்: வேலை முடிந்து வீடு திரும்பினேன். என் மனைவிக்கு மூச்சு இல்லை.'